கசக்காத சுரைக்காய்

சென்னியப்பன் இறந்த ஒன்பதாம் நாள், அவர் மனைவி கோகிலவாணியை மூன்றாவது முறையாகக் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். துணைக்கு அவளுடைய நாத்தனார் நித்திலா போயிருந்தாள். சென்னியப்பனுக்கு ஒரே தங்கை அவள்.

இன்ஸ்பெக்டர் அருள்தாஸ் மரியாதையான மனிதர். இருவரையும் உட்காரச் சொல்லி, மின்விசிறியைத் திருப்பிவிட்டு, அதன் பிறகுதான் கோப்பைத் திறந்தார்.

"ஆய்வக ரிப்போர்ட் வந்திருச்சும்மா. மிக்ஸி ஜார்ல ஒட்டியிருந்த சுரைக்காய்ச் சாறுல இருந்ததும் உங்க வீட்டுக்காரர் வயித்துல இருந்ததும் ஒரே விஷம்தான். சுரைக்காய்லயே சில சமயம் தானா ஊறுமாம். கடுமையாக் கசக்குமாம்."

"அப்ப அது தானா வந்ததுதானுங்களே சார்?" என்றாள் கோகிலவாணி.

"தானா வந்ததுதான். ஆனா இந்த அளவு இருந்தா ஒரு சொட்டு நாக்குல பட்டாலே துப்பிருவாங்கன்னு எழுதியிருக்கான். உங்க வீட்டுக்காரர் ஒரு டம்ளர் முழுக்கக் குடிச்சிருக்கார். எப்படிக் குடிச்சார்?"

"நானும் நாக்குல வெச்சுப் பார்த்தனுங்க. கசக்கலீங்க."

"தினமும் நீங்களும் அரை டம்ளர் குடிப்பீங்கன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. அன்னிக்கு மட்டும் குடிக்கலை."

"கிருத்திகைங்க. விரதம். நுனி நாக்குல வெச்சுப் பார்த்துட்டுத் துப்பிட்டேன். சுரைக்காயை எப்பவுமே அப்படிப் பார்த்துட்டுத்தான் அரைப்பேன்."

அருள்தாஸ் கோப்பில் ஒரு தாளைப் புரட்டினார். "ரெண்டு மாசமா உங்க வீட்டுல சத்தம் ஜாஸ்தியா இருந்துச்சுன்னும் சொல்றாங்க."

"வெளிய பரோட்டா தின்னுட்டு வருவாரு. சர்க்கரை முந்நூறுக்கு மேல போச்சு. சத்தம் போடாம என்ன பண்றதுங்க?"

கோப்பை மூடிவிட்டு நித்திலாவிடம் அவர் தணிந்த குரலில் சொன்னார். "நாளை மறுநாள் வரைக்கும் பொறுத்துக்கறேன். அதுக்குள்ள இதுக்கு ஒரு விளக்கம் கிடைக்கலைன்னா நான் வழக்குப் போட்டுத்தான் ஆகணும். வக்கீல் பார்த்து வெச்சுக்கோங்க."

இருவரும் காரில் திரும்பினார்கள். அவினாசி சாலை மேம்பாலம் ஏறி இறங்கிய பிறகுதான் கோகிலவாணி கேட்டாள்.

"நீயும் நான் ஏதோ பண்ணிட்டேன்னு நினைக்கிறயா கண்ணு?"

"இல்லீங்க அண்ணி" என்று நித்திலா சொன்னாள். ஆனால் சொல்வதற்கு முன் ஒரு நொடி தயங்கிவிட்டாள். அந்த நொடியைக் கோகிலவாணி கவனித்தாள் என்பது அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டதில் தெரிந்தது.

நித்திலா தயங்கியதற்குக் காரணம் இருந்தது. நாக்கைப் பற்றி அந்த ஊரில் அவளுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் 'இனியம்' என்ற பொருளைத் தயாரிக்கும் நிறுவனத்தில் சுவைப் பிரிவுக்குத் தலைவி அவள். ஒரு குடம் தண்ணீரில் ஒரு சிட்டிகை எதைக் கலந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள் என்று பெயரெடுத்தவள். கசந்த சுரைக்காயைச் சுவைத்துவிட்டு ஒருத்தி 'கசக்கலை' என்று சொன்னால் அது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று அவளுடைய படிப்பு சொன்னது. அண்ணியின் முகம் வேறு சொன்னது.

வீட்டுக்கு வந்ததும் மொட்டை மாடிக்குப் போனாள். தொட்டியில் படர்ந்த கொடியில் இன்னும் இரண்டு காய்கள் தொங்கின. ஒன்றைப் பறித்து நகத்தால் கீறி, கசிந்த நீரை நாக்கில் வைத்தாள். வெள்ளரிக்காய்போலச் சப்பென்று, குளிர்ச்சியாக இருந்தது. கசப்பு கொஞ்சமும் இல்லை. கொடி நல்ல கொடிதான் என்றால் விஷம் வேறு எங்கிருந்தோதான் வந்திருக்க வேண்டும். காயைப் பையில் போட்டுக்கொண்டு நேராக ஆய்வகத்துக்குப் போனாள்.

இயந்திரத்துக்குப் படிப்பும் இல்லை, பாசமும் இல்லை. காயின் சாறை உள்ளே செலுத்திய பத்தாவது நிமிடம் திரையில் கோடு செங்குத்தாக ஏறி, அளவின் எல்லையைத் தாண்டி நின்றது. நித்திலா இன்னொரு முறை செலுத்தினாள். மறுபடியும் அதே கோடு. அந்தக் காயில் நாலு பேரைக் கொல்லும் அளவுக்குக் கசப்பு இருந்தது.

அவள் மீண்டும் ஒரு துளியைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டாள். வெள்ளரிக்காய்.

மறுநாள் காலை சுவைக்குழுவைக் கூட்டினாள். பன்னிரண்டு பேர், எல்லாரும் அவளே பொறுக்கியெடுத்துப் பழக்கியவர்கள். ஒவ்வொருவர் முன்னாலும் மூன்று குவளைகள் வைத்தாள். இரண்டில் வெறும் தண்ணீர், ஒன்றில் கசப்பு மருந்தான கொயினாவின் கரைசல். பள்ளிக்கூடப் பிள்ளைகூட முகம் சுளித்துக் கீழே வைத்துவிடும் அளவுக்குக் கரைத்திருந்தாள்.

"எதுல வித்தியாசம் இருக்குன்னு சொல்லுங்க."

பன்னிரண்டு பேரும் உறிஞ்சினார்கள், யோசித்தார்கள், மறுபடியும் உறிஞ்சினார்கள். நான்கு பேர் முதல் குவளையைச் சொன்னார்கள். ஐந்து பேர் இரண்டாவதை. மூன்று பேர் மூன்றாவதை. குருட்டாம்போக்காகச் சொன்னாலும் கணக்கு இப்படித்தான் வரும்.

அவர்கள் போன பின்பு குவளைகளை எடுக்க மாராத்தாள் வந்தாள். ஒப்பந்தத்தில் துப்புரவு வேலை பார்ப்பவள், நாற்பதைத் தாண்டியவள். நிறுவனத்துக் கேன்டீனில் ஒப்பந்த ஆட்களுக்கு இடமில்லை. வாசலுக்கு வெளியே தள்ளுவண்டிக் கடையில்தான் டீ குடிப்பார்கள். இனியம் போட்ட டீ அங்கே விலை அதிகம் என்பதால் சர்க்கரை டீதான்.

நித்திலா அவளை நிறுத்தினாள். "மாராத்தா, இதுல ஒரு வாய் குடிச்சுப் பாரேன்."

ஒரு வாய் குடித்த மாராத்தாள் கைகழுவும் தொட்டிக்கு ஓடிப்போய்த் துப்பினாள். குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தாள். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது.

"என்னத்தைங்கம்மிணி இது, வெசமாட்ட! சொல்லிட்டுக் குடுக்கப்படாதுங்களா?"

நித்திலா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

நிறுவனத்தின் தலைவன் தீபன் அவளுடன் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவன். இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் இனியத்தை உண்டாக்கினார்கள். சர்க்கரையைவிட முந்நூறு மடங்கு இனிக்கும் இலைச் சாறு அதற்கும் முன்பே உலகம் முழுக்க இருந்தது. ஆனால் இனிப்பு போன பிறகு நாக்கின் அடியில் ஒரு கசப்பு தங்கும். அதனாலேயே ஜனங்கள் வாங்கிய டப்பாவைப் பாதியில் மூடி வைத்துவிட்டுச் சர்க்கரைக்கே திரும்பினார்கள். நித்திலா கண்டுபிடித்தது அந்தக் கசப்பை மறைக்கும் ஒரு பொருள். அதைச் சேர்த்தபின் இனியத்துக்கும் சர்க்கரைக்கும் யாராலும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. எட்டு வருஷத்தில் ஊரே மாறியது.

நித்திலா சொன்ன எல்லாவற்றையும் கேட்டு முடித்த தீபன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அண்ணன் விஷயத்துல எனக்கு எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு உனக்குத் தெரியும், நித்தி. ஆனா இது நம்ம பொருளாலன்னு எப்படிச் சொல்றே?"

"நாக்குல இனிப்புக்கு ஒரே ஒரு வாசல்தான் இருக்கு தீபன். கசப்புக்கு இருபத்தஞ்சு. ஏன் அத்தனைன்னு நாம என்னிக்காவது யோசிச்சமா? விஷம் எந்த ரூபத்துல வந்தாலும் ஏதோ ஒரு வாசல்ல மாட்டணும், அதுக்குத்தான். நான் செஞ்ச பொருள் போய் அந்த இருபத்தஞ்சையும் அடைச்சுக்கிட்டு உட்காருது. ஒரு மணி நேரத்துல எந்திரிச்சுப் போயிரும்னு நினைச்சோம். தினம் நாலு வேளை, விடாமக் குடிச்சா அது எந்திரிக்கறதே இல்லை."

"எலி, முயல், நாலாயிரம் மனுஷங்க. ஈரல், கிட்னி, இதயம், எதுலயும் ஒரு கீறல் இல்லை. எந்த நாட்டுச் சட்டமும் கேட்ட எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லியிருக்கோம்."

"நாக்குல கசப்பு தெரியுதான்னு எந்தச் சட்டமும் கேட்கலை."

தீபன் அவள் எதிரே உட்கார்ந்தான். "எங்கம்மாவுக்கு ரெண்டு காலையும் எடுத்தாங்க. ஞாபகம் இருக்கா? நீதான் ஆஸ்பத்திரியில கூட இருந்தே. இப்ப இந்த ஊர்ல வருஷத்துக்கு எத்தனை கால் எடுக்கறாங்கன்னு கேட்டுப் பாரு. பாதிகூட இல்லை. அது நம்மளாலதான். நீ வெளிய போய் இதைச் சொன்னா நாளைக்கே எல்லாரும் சர்க்கரைக்குத் திரும்பிருவாங்க. அந்தக் கால்களுக்கு யார் பதில் சொல்றது?"

"எங்கண்ணிய ஜெயில்ல போடப் போறாங்க."

"நல்ல வக்கீலா நான் ஏற்பாடு பண்றேன்."

அவள் எழுந்தாள். அவன் பின்னாலிருந்து கூப்பிட்டான். குரலில் கோபம் இல்லை.

"போலீஸ்கிட்டப் போறதுன்னா உன் பழைய அறிக்கையையும் படிச்சுட்டுப் போ. நூத்திப் பன்னிரண்டாம் பக்கம்."

அவள் படித்தாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவளே எழுதிக் கையெழுத்துப் போட்டது. 'சோதனை முடிந்து மூன்று மாதம் கழிந்தும் சிலருக்குக் கசப்புணர்வு குறைவாகவே இருக்கிறது. குழந்தைகள் மருந்தையும் பாகற்காயையும் மறுப்பின்றி உட்கொள்கிறார்கள். இதைப் பக்கவிளைவாக அல்லாமல் கூடுதல் நன்மையாகக் கருதலாம்.'

எழுதும்போது அதை அவள் மனதார நம்பியிருந்தாள். அந்தப் பக்கத்தைப் படி எடுத்துக் கைப்பையில் வைத்தாள்.

இன்ஸ்பெக்டர் கொடுத்த கெடு முடியும் நாள் காலையில், மூன்று காகிதக் குவளைகளோடும் ஒரு சின்னப் புட்டியோடும் நித்திலா காவல் நிலையத்துக்குப் போனாள். கோகிலவாணி முன்பே வந்து மூலையில் உட்கார்ந்திருந்தாள். நித்திலா கரைசலைக் குவளையில் ஊற்றி அவளிடம் நீட்டினாள்.

"குடிங்க அண்ணி."

கோகிலவாணி கேள்வி கேட்காமல் குடித்தாள். "தண்ணி" என்றாள்.

"இதுல இருக்கறது கொயினா சார். இவங்களுக்குக் கசப்பு தெரியாது. எங்கண்ணனுக்கும் தெரிஞ்சிருக்காது."

அருள்தாஸ் தலையை ஆட்டினார். "தெரியாத மாதிரி நடிக்கலாமேம்மா. நான் இதை எழுதிக்கிட்டுப் போனா கோர்ட்டுல சிரிப்பாங்க."

"நீங்க டீ எங்க சார் குடிப்பீங்க?"

"எதிர்த்த கடையில. ஏன்?"

"சர்க்கரையா, இனியமா?"

"இனியம்தான். சுகர் வந்து அஞ்சு வருஷமாச்சே."

இன்னொரு குவளையில் ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். அவர் சந்தேகமாக மோந்து பார்த்தார். ஒரு வாய் குடித்தார். பிறகு இன்னொரு வாய். முழுவதையும் குடித்துவிட்டுக் குவளையைத் திருப்பி அடியைப் பார்த்தார்.

"வெறும் தண்ணியைக் கொண்டு வந்து ஏமாத்தறீங்க."

"வேற யாரையாவது கூப்பிடுங்க. இனியம் பழக்கம் இல்லாதவங்களா."

வாசலில் நின்ற காவலர் ஒருவரைக் கூப்பிட்டார். மலைக் கிராமத்திலிருந்து வந்து வேலையில் சேர்ந்து ஒரு மாதமாகியிருந்த ஆள். அவர் விறைப்பாக நின்று குவளையை வாங்கினார், ஒரே மடக்காகக் குடித்தார், அடுத்த கணம் மேலதிகாரியின் கோப்பின்மீதே துப்பிவிட்டார்.

அருள்தாஸ் அவரைத் திட்டவில்லை. கைக்குட்டையால் கோப்பைத் துடைத்தார். புட்டியை எடுத்து நேராகவே வாயில் ஒரு துளி விட்டுக்கொண்டார். காத்திருந்தார்.

"போன மாசம் பேத்தி மாத்திரைப் பட்டையைக் கடிச்சுத் தின்னுட்டா" என்றார் கடைசியில். "பதினாலு மாத்திரை. எப்படிரா குழந்தை இத்தனை கசப்பைத் தின்னுச்சுன்னு ஆஸ்பத்திரியில கேட்டாங்க. பொழைச்சுக்கிட்டா. என்ன பதில் சொல்றதுன்னு எங்களுக்குத் தெரியலை."

அவர் எழுதத் தொடங்கினார். நித்திலா நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தையும் அவர் முன்னால் வைத்தாள்.

வெளியே வந்ததும் கோகிலவாணி ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள். ஏறாமல் நின்றபடி கேட்டாள்.

"அந்தக் காகிதத்துல என்ன இருக்குது?"

நித்திலா சொன்னாள். எதையும் மறைக்கவில்லை, குறைக்கவும் இல்லை.

"முதல் டப்பாவை நீ கொண்டாந்து குடுத்தயே, அதை எடுத்துட்டுப் போயித் தெருப்பூரா காட்டுனாரு. என் தங்கச்சி கண்டுபுடிச்சதுன்னு. காலி டப்பாவைக்கூட எறிய விடலை." கோகிலவாணியின் குரல் ஏறவில்லை. "ஜெயிலுக்குப் போவாம என்னைக் காப்பாத்திட்டே. சந்தோசம். ஆனா இத்தனை நாளா, அவருக்கு என்ன வந்துச்சுன்னே தெரியலையேன்னு அழுதுட்டு இருந்தேன். இனி அதுக்கும் வழியில்லாமப் பண்ணிட்டே."

ஆட்டோ போய்விட்டது. அடுத்த ஒன்றரை வருஷம் அவள் நித்திலாவின் தொலைபேசியை எடுக்கவே இல்லை.

விஷயம் செய்தியானது. நித்திலாவின் வேலை போனது. அரசு ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. மாநிலம் முழுக்கச் சோதித்தார்கள். வசதியானவர்களில் பத்துக்கு எட்டு பேருக்குக் கசப்பு தெரியவில்லை. நிறுத்திய பிறகு திரும்பி வருகிறதா என்று ஒரு வருஷம் பார்த்தார்கள். யாருக்கும் வரவில்லை. ஆனாலும் இனியத்தைத் தடை செய்யவில்லை. தடை செய்தால் சர்க்கரை நோயால் சாகிறவர்கள் இதைவிடப் பல மடங்கு அதிகம் என்று குழு கணக்குக் காட்டியது. அந்தக் கணக்கு சரியானதுதான். நித்திலா மூன்று முறை போட்டுப் பார்த்தாள்.

அதற்குப் பதிலாக ஒரு சட்டம் வந்தது. பள்ளி, விடுதி, மருத்துவமனை, எங்கெல்லாம் கூட்டமாகச் சமைக்கிறார்களோ அங்கெல்லாம் கசப்பு தெரிந்த ஒருவர் முதலில் சுவைத்துப் பார்க்க வேண்டும். ஆய்வகத்து இயந்திரத்தை ஊரெல்லாம் வாங்கி வைக்க யாராலும் முடியவில்லை. மனித நாக்கு கிடைத்தது. கிடைத்ததெல்லாம் இனியம் வாங்க வழியில்லாதவர்களின் நாக்கு. 'சுவைக்காவலர்' என்று அதற்கு ஒரு பெயரும் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லையும் கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாக்கைச் சோதித்துச் சான்று புதுப்பிக்க வேண்டும். மாநகராட்சியின் சோதனை மையத்தில் அந்த வேலை நித்திலாவுக்குக் கிடைத்தது. வேறு யாரும் அவளுக்கு வேலை கொடுக்கவில்லை.

மாராத்தாளுக்கு முதல் நாளே சான்று எழுதிக் கொடுத்தது அவள்தான். சிங்காநல்லூர்ப் பக்கம் முந்நூறு பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் மாராத்தாள் சேர்ந்தாள். காலையில் பள்ளிக்குப் போகும் முன் கோகிலவாணி வீட்டுக்கும் போகும்படி நித்திலா ஏற்பாடு செய்தாள். கோகிலவாணி அப்போது சமைப்பதையே விட்டிருந்தாள். ரொட்டியும் வாழைப்பழமுமாக மெலிந்துகொண்டிருந்தாள். மாராத்தாள் போகத் தொடங்கிய பிறகு அடுப்பு எரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோகிலவாணியே கூப்பிட்டு, "சாப்பிட வா" என்றாள். பழைய பேச்சை இருவரும் எடுக்கவில்லை. அதன்பிறகு ஞாயிறுதோறும் நித்திலா அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

மார்கழி மாதம் மாராத்தாள் நான்காவது முறையாகச் சான்று புதுப்பிக்க வந்தாள். கூடவே மகள் பூவிழியையும் அழைத்து வந்து வராந்தா பெஞ்சில் உட்கார வைத்திருந்தாள். மாராத்தாளின் இடது காலில் பழைய கட்டு இல்லை. சென்ற முறை வந்தபோது புண்ணோடு நொண்டிக்கொண்டு வந்தவள், இப்போது நன்றாக நடந்து வந்தாள். நித்திலாவுக்கு அதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருந்தது.

மூன்று குவளைகளை வைத்தாள். கொயினா மூன்றாவதில் இருந்தது.

மாராத்தாள் முதல் குவளையை எடுத்து ஒரு வாய் குடித்தாள். உடனே தொட்டிக்கு ஓடிப்போய்த் துப்பினாள், வாயைக் கொப்பளித்தாள், முகத்தைச் சுளித்தாள்.

"வெசமாட்ட இருக்குதுங்கம்மிணி!"

மாராத்தாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டே திரும்பினாள். நித்திலாவின் முகத்தைப் பார்த்தாள். துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"தப்பாப் போச்சுங்களா?"

"எப்ப இருந்து மாராத்தா?"

மாராத்தாள் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஆடி மாசத்துலீங்க. சர்க்கரைப் புண்ணு எலும்பு வரைக்கும் போயிருச்சு, காலை எடுத்தாத்தான் ஆச்சுன்னுட்டாரு டாக்டரு. சர்க்கரையை அடியோட நிறுத்தி மாத்திரை போட்டா ஒருவேளை ஆறும்னாரு. டீ இல்லாம நம்மளால வேலை செய்ய முடியுங்களா? கோகிலாம்மாதான் இனியம் டப்பா வாங்கிக் குடுத்தாங்க. கொஞ்ச நாளைக்குத்தானேன்னு குடிச்சேன். புண்ணு ஆறிருச்சுங்க. நாக்கு போனது எனக்கே அப்புறந்தான் தெரிஞ்சுது."

"அப்ப இத்தனை மாசமா பள்ளிக்கூடத்துல?"

"சாமியக் கும்பிட்டுட்டு வாயில வெக்கறனுங்க."

"எதையாவது கசக்குதுன்னு திருப்பி அனுப்பியிருக்கியா?"

"மாசத்துல ஒருதரம், ரெண்டுதரம் அனுப்பிருவனுங்க. அனுப்பாமயே இருந்தா சந்தேகம் வருமில்லீங்க."

நித்திலா தொலைபேசியை எடுத்துப் பள்ளியின் தலைமையாசிரியையைக் கூப்பிட்டாள். மத்தியானச் சாப்பாட்டை நிறுத்தச் சொன்னாள். "சாப்பாடு போட்டாச்சுங்களே மேடம், மாராத்தாள் காலையிலேயே பார்த்துச் சரின்னு சொல்லிட்டுத்தானே வந்தாங்க" என்றார் அவர். பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்களா என்று கேட்டாள். நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்றார். பின்னால் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது.

அடுத்து அண்ணியைக் கூப்பிட்டாள். மறுமுனையில் தாளிக்கும் சத்தம்.

"அண்ணி, மாராத்தாளுக்கு இனியம் நீங்களா வாங்கிக் குடுத்தீங்க?"

"ஆமா."

"அவ நாக்கு போயிருச்சு. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றாள் கோகிலவாணி. "புரட்டாசியில பாகற்காய் வறுவலை ருசி பார்த்துட்டு, கசப்பே இல்லீங்கம்மான்னா. அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா தினமும் சாப்பிட்டீங்க?"

"அதுக்காக அவ காலை வெட்டறதை நான் பார்த்துட்டு உக்காந்திருக்கோணுமா? உன்னை ஞாயித்துக்கெழம கூப்படறதை அப்ப நிறுத்தலாம்னுதான் பார்த்தேன். தனியாச் சாப்பிட முடியலை கண்ணு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "பள்ளிக்கூடத்தை நான் யோசிக்கலை. அது என் தப்புதான்" என்றாள்.

நித்திலா பதிவேட்டைத் திறந்தாள். மாராத்தாளின் பெயருக்கு நேரே 'கசப்புணர்வு' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள்.

மாராத்தாள் வில்லையைச் சேலையிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தாள். "நீங்க எழுதறதுதானுங்க சரி" என்றாள். "ஒண்ணு மட்டும் கேக்கறனுங்க. அந்த எடத்துக்கு எம்பொண்ணைப் போடுவாங்களா? பத்தொம்போது வயசாச்சு. இனியத்தை அவ கண்ணுலயே காட்டலை. அதுக்குன்னேதான் சர்க்கரையே குடுத்து வளர்த்தேன். நல்ல நாக்குங்க அவளுக்கு."

நித்திலா பூவிழியைக் கூப்பிட்டாள். அந்தப் பெண் எழுந்து வருவதற்கு முன் பெஞ்சில் இருந்த தண்ணீர்ப் புட்டியை அண்ணாந்து காலி செய்தாள். பக்கத்தில் இன்னொரு காலிப் புட்டி கிடந்தது. உள்ளே வந்தவள் தயங்கி, "ஒருக்காக் கழிப்பறைக்குப் போயிட்டு வந்தர்றேன்" என்று அம்மாவிடம் மெல்லச் சொன்னாள்.

"இப்பத்தானேடி போயிட்டு வந்தே?" என்றாள் மாராத்தாள். "போயிட்டு வெரசலா வா."

திரும்பி வந்தவளை நித்திலா நன்றாகப் பார்த்தாள். மார்கழிக் குளிரிலும் உதடு வறண்டு வெடித்திருந்தது. ரவிக்கை தோளில் தொளதொளத்தது. கழுத்தின் பின்புறம் தோல் கறுத்துத் தடித்திருந்தது.

"கொஞ்ச நாளா இளைச்சிருக்கியா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க. நல்லாத்தான் சாப்பிடறேன்."

மாராத்தாள் மகளின் தோளைத் தொட்டு முன்னால் நகர்த்தினாள். அவள் கண்கள் நித்திலாவின் மேலேயே இருந்தன. வேறு எதையும் கேட்டுவிட வேண்டாம் என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

நித்திலா குவளைகளை இடம் மாற்றி வைத்தாள். பூவிழி முதலாவதைக் குடித்தாள். இல்லை என்று தலையாட்டினாள். இரண்டாவதை வாயருகே கொண்டுபோய் உதடு நனைந்ததுமே முகம் கோணி, கண்ணில் நீர் முட்ட, தொட்டியில் துப்பினாள்.

"இதுதானுங்க. கசக்குது."

மாராத்தாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள்.

நித்திலா புதிய வரியில் பூவிழியின் பெயரை எழுதினாள். கட்டத்துக்கு வந்தபோது பேனா நின்றது. 'உண்டு' என்று எழுதினால் இந்தப் பெண் நாக்கைக் காப்பாற்றிக்கொள்ளச் சர்க்கரையிலேயே இருப்பாள். சர்க்கரை நோயாக இருக்கலாம் என்று ஆஸ்பத்திரிக்கு எழுதினால் அவர்கள் இனியத்தைத்தான் கையில் கொடுப்பார்கள். பதிவேட்டில் அந்த இரண்டுக்கும் நடுவே எழுதக் கட்டமே இல்லை.

"உண்டு" என்று எழுதினாள். பிறகு இன்னொரு தாளை எடுத்து ஆஸ்பத்திரிக்கும் எழுதினாள். இரண்டையும் ஒன்றாக மடித்துப் பூவிழியின் கையில் கொடுத்தாள். எதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

பூவிழி பிரித்துப் பார்க்கவில்லை.

"அம்மிணி" என்றாள், உலர்ந்த உதட்டை நக்கிக்கொண்டு. "குடிக்க இன்னுங் கொஞ்சம் தண்ணி கிடைக்குங்களா?"